ஆவணியில் ஆறு ஈத்தும் ஒரு கல்யாணமும்: கொறங்காட்டுப் பண்ணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம், திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம் பக்கம். மொத்தம் 11 ஏக்கர். அதில் 7 ஏக்கர் கொறங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி போட்டு மூன்று பட்டிகளாகப் பிரித்தது. கொழுக்கட்டைப் புல்லும் நடுநடுவே வெள்வேல மரமும் உண்டு. மீதி நாலு ஏக்கரில் கிணற்றுத் தண்ணீர் இருக்கும்வரை சோளத்தட்டு, கொஞ்சம் வேலிமசால் தீவனம்.

வீட்டில் கணவன், மனைவி, கணவரின் தாயார். தம்பதி ஐம்பதைக் கடந்தவர்கள், தாயார் எண்பதை நெருங்குகிறவர். மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஈத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்களிலும் உள்ளே கைவிட்டுப் பார்த்த பழக்கம் மனைவிக்கு மட்டும்தான்.

அந்த வருடம் சினையாக இருந்தவை ஆறு. மயிலை என்னும் சாம்பல் நிறக் காங்கேயம் பசு மூன்று, நாலாவது ஈத்து ஜெர்சி கலப்பு ஒன்று, இரண்டாவது ஈத்து ஜெர்சி கலப்பு ஒன்று, தலைச்சன் செவலைக் கிடேரி ஒன்று. செவலையும் ஜெர்சி கலப்புதான்.

ஆறும் ஒரே மாதத்தில் ஈன வந்தது தற்செயல் அல்ல. ஐப்பசி மழையில் கொறங்காடு பச்சை பிடிக்கிறது. வறட்சியில் வற்றிப்போன மாடுகள் தேறி, கார்த்திகையை ஒட்டி அடுத்தடுத்துப் பருவத்துக்கு வருகின்றன. அப்போது சேர்ந்தால் ஒன்பது மாதம் ஒரு வாரம் கழித்து ஆவணி. ஆடியில் முகூர்த்தம் வைக்காத ஊரில் ஆவணிதான் கல்யாண மாதமும். இந்த மோதல் இந்தப் பக்கத்தில் எந்த வருடமும் வரக்கூடியது. இந்த ஒரு குடும்பத்தின் கவனக்குறைவு என்று அதைச் சுருக்கிவிட முடியாது.

மகளின் கல்யாணம் வைகாசியிலேயே நிச்சயமாகி, செப்டம்பர் 5 என்று முகூர்த்தம் குறிக்கப்பட்டது. ஜாதகம் பார்த்தார்கள், மண்டபம் கிடைக்கிறதா என்று பார்த்தார்கள். பால் சொசைட்டி அட்டையோடு உத்தரத்தில் செருகியிருந்த சினை ஊசி அட்டையை அன்று யாரும் எடுக்கவில்லை.

ஆடியில் தெரிந்தது

ஜூலை கடைசியில் செவலைக்கு மடி விடத் தொடங்கியபோதுதான் மனைவி அட்டைகளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஊசி போட்ட தேதியோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் ஏறத்தாழ 280 நாள் வரும். நாட்டு மாடு சில நாள் கூடுதலாகச் சுமக்கும். அந்தக் கணக்குப்படி மூத்த ஜெர்சிக்கு ஆகஸ்ட் 19, முதல் மயிலைக்கு 22, செவலைக்கு 31, இரண்டாவது மயிலைக்கு செப்டம்பர் 3, இளைய ஜெர்சிக்கு 8, கடைசி மயிலைக்கு 12. முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னுமாக ஐந்து நாளுக்குள் மட்டும் மூன்று ஈத்து.

இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். ஒன்று சரியானது. மற்றது நல்ல எண்ணத்தில் செய்த தப்பு.

சரியானது தீனி நேரத்தை மாற்றியது. காலையிலும் மாலை 3 மணிக்கும் போட்டுவந்த தட்டையும் தவிட்டையும், ஆகஸ்ட் 5 முதல் பெரும்பங்கு இரவு 8 மணிக்கு என்று மாற்றினார்கள். பகலில் மேய்ச்சல் மட்டும். இரவில் தின்ற மாடு பெரும்பாலும் பகலில் ஈனும் என்பது கனடாவில் கஸ் கோனஃபல் என்ற பண்ணையாளர் 1970களில் கவனித்துச் சொன்னது. பிறகு பல நாட்டுப் பண்ணைகளிலும் செய்து பார்க்கப்பட்டது. முதல் ஈத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. இங்கே இரண்டு வாரம்தான் கிடைத்தது.

தப்பு, மூத்த ஜெர்சிக்குச் செய்த கவனிப்பு. நாலாவது ஈத்து, நிறையக் கறக்கும் மாடு, தெம்பு வேண்டும் என்று கடைசி மாதம் முழுக்க வேலிமசாலும் தாது உப்பும் அள்ளிப் போட்டார்கள். இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) அதிகம். பால் வற்றிய காலத்தில் தீனியிலேயே அது தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் வேலையை உடம்பு நிறுத்திவைத்துவிடுகிறது. ஈன்ற அன்று மடி ஒரேயடியாகச் சுண்ணாம்பை இழுக்கும். எலும்பு உடனே கொடுக்காது. மூன்றாவது ஈத்துக்கு மேற்பட்ட மாட்டுக்கும், அதிலும் ஜெர்சி ரத்தத்துக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

முதல் ஈத்தும் சீம்பாலும்

ஆகஸ்ட் 20, மதியம் 2 மணிக்கு மூத்த ஜெர்சி சுலபமாக ஈன்றது. கிடேரிக் கன்று. மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை வழித்துவிட்டு, தொப்புள் கொடியை வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் விட்டுக் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டி, டிஞ்சர் அயோடினில் முக்கினார்கள்.

அடுத்து வீட்டுக்குள் ஒரு வாக்குவாதம். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விட வேண்டும் என்றார் தாயார். பல கட்டுத்தரைகளில் இன்னும் இதுதான் வழக்கம். இதனால் சாகிற கன்றுகளுக்குக் கணக்கே இல்லை. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு நோய் எதிர்ப்பு இறங்குவதில்லை. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கும். கன்றின் குடல் அதை அப்படியே ரத்தத்துக்குள் விடுவது பிறந்த சில மணி நேரம்தான். 6 மணி நேரத்துக்குள் அந்தத் திறன் நன்றாகக் குறைந்து, ஒரு நாளில் அடைபட்டுவிடும். கொடி விழ 8 முதல் 12 மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திருந்தால் கன்றுக்குரிய நேரமெல்லாம் போய்விடும். உண்மையில் கன்று ஊட்டுவதே கருப்பையைச் சுருங்கவைத்துக் கொடி விழ உதவும்.

மாமியாரிடம் மருமகள் இதையெல்லாம் விளக்கவில்லை. “ஊட்டுனா கொடி வெரசா விழுந்துருமுங்க அத்தை” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கன்றை மடியில் விட்டார். 25 கிலோ கன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஐந்தரை மணிக்குக் கொடி விழுந்தது. வழக்கப்படி வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினார்கள்.

மீதிச் சீம்பால் நாலு லிட்டருக்கு மேல் இருந்தது. கல்யாண வீடு, சொந்தம் வந்துகொண்டிருந்தது. மடியை ஒட்டக் கறந்து, வெல்லமும் ஏலமும் போட்டு வேகவைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்தார்கள். இது சந்தோஷமான வழக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று கறந்த நாலு லிட்டரின் கதை அத்தோடு முடியவில்லை.

பால் சுரம்

மறுநாள் காலை 5 மணிக்குத் தாய்மாடு படுத்துக் கிடந்தது. தலையை மடக்கி விலாவில் வைத்திருந்தது. காது சில்லென்று இருந்தது, மூக்கு காய்ந்திருந்தது, சாணி போடவில்லை. பால் சுரம் என்று பெயரில்தான் சுரம். உடம்புச் சூடு கூடாது, குறையும். ஒட்டக் கறந்ததும் சேர்ந்து, ரத்தத்தில் சுண்ணாம்பு இறங்கிவிட்டது.

கருப்பட்டித் தண்ணீர் ஊற்றலாம் என்றார்கள். மனைவி விடவில்லை. படுத்த மாட்டுக்கு விழுங்கும் பலம் இருக்காது, ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். மாட்டை நிமிர்த்தி நெஞ்சின் மேல் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையால் முட்டுக் கொடுத்தார். ஒருக்களித்துக் கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும்.

மருத்துவர் 7.40க்கு வந்தார். கால்சியம் போரோகுளுக்கோனேட் 450 மில்லி, கழுத்து நரம்பில், நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்றினார். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும் என்பதால் வீட்டார் தாங்களே செய்யக்கூடாத வேலை இது. பாட்டில் முடியும்போது மாடு ஏப்பம் விட்டு, சாணி போட்டு, 9 மணிக்கு எழுந்தது. அடுத்த இரண்டு நாளும் மடியில் பாதியை விட்டுவைத்துக் கறக்கச் சொன்னார்.

முதல் மயிலை ஆகஸ்ட் 24 விடியற்காலம் 3 மணிக்கு யார் துணையும் இல்லாமல் ஈன்றது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: ஆகஸ்ட் 15 முதல் மனைவி ஒவ்வொரு இரவும் இரண்டு தடவை எழுந்து கட்டுத்தரைக்குப் போய்க்கொண்டிருந்தார். பகலில் சீர்த்தட்டு, பத்திரிகை, ஜவுளி. முறை வைத்துப் பார்க்கலாம் என்று இருவரில் யாரும் பேசவில்லை.

செப்டம்பர் 4 இரவு

செவலைக்குக் கணக்குப்படி நாலு நாள் தள்ளிப்போயிருந்தது. அன்று காலை வால் அடியில் இரண்டு பக்கமும் நன்றாகக் குழி விழுந்திருந்தது. கண்ணாடி போன்ற கோழை தொங்கியது. ஒரு நாளுக்குள் ஈனும் என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். ஆனாலும் மாலை 4 மணிக்குள் எல்லோரும் 14 கிலோமீட்டர் தள்ளியிருந்த மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அன்று மட்டும் தீனியை 3 மணிக்கே போட்டுவிட்டார்கள். அதனால்தான் இரவில் ஈன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. காவலுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான். கறக்கத் தெரியாது, ஈத்துப் பார்த்ததில்லை. “கஷ்டப்பட்டுதுன்னா போன் பண்ணு” என்று சொல்லியிருந்தார்கள். எது கஷ்டம் என்று சொல்லவில்லை.

பையன் பிறகு சொன்னதை வைத்துக் கோர்த்த நேரங்கள் இவை. ஒன்பதரைக்குக் கிடேரி படுப்பதும் எழுவதுமாக இருந்தது. 11.10க்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. பன்னிரண்டுக்கு ஒரு குளம்பும் மூக்கு நுனியும் தெரிந்தன. அவன் வந்துவிடும் என்று காத்திருந்தான். 12.50க்கு முதல் போன். மண்டபத்தில் சீர் நடந்துகொண்டிருந்தது, மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. தவறிய ஐந்து அழைப்புகளைக் கணவர் பார்த்தது 1.35க்கு.

தண்ணீர்க்குடம் உடைந்த பிறகு ஈன்று பழகிய மாடு அரை மணி நேரத்திலும், தலைச்சன் ஒரு மணி நேரத்திலும் முன்னேற்றம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கையைக் கழுவிவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். இங்கே கெடு 12.10க்கே முடிந்திருந்தது.

யார் போவது என்பதில் இரண்டு நிமிடம் போயிற்று. பெண்ணின் தாய் சீர் நடுவே எழுந்து போவதா என்று உறவினர்கள் தடுத்தார்கள். கணவர் போயிருக்கலாம், ஆனால் அவர் கை பெரியது. தலைச்சன் கிடேரிக்குள் நுழையாது, அந்த வேலை அவருக்குப் பழக்கமும் இல்லை. முடிவைச் சொன்னது மணப்பெண். மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தவர், “நீ போய்ட்டு வாம்மா, அத்தை இருக்காங்க, பாத்துக்குவாங்க” என்றார். பட்டுச் சேலையை மாற்றாமலே உறவுக்காரப் பையனின் வண்டியில் ஏறி, 2.15க்கு மனைவி கட்டுத்தரையில் இருந்தார்.

கால் மடிந்த கன்று

சரியான வாக்கில் வரும் கன்றுக்கு இரண்டு முன்னங்காலும் உள்ளங்குளம்பு தரையைப் பார்த்தபடி முதலில் வரும், முழங்காலின் மேல் மூக்கு படிந்திருக்கும். இங்கே இடது முன்னங்கால் மட்டும் வந்தது. வலது கால் முட்டியில் மடிந்து இடுப்பெலும்பின் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் தெரிகிற காலைப் பிடித்து இழுத்தால் தாயும் கிழியும், கன்றும் போகும். பையன் இழுக்காமல் விட்டது அவன் செய்த பெரிய உதவி.

மருத்துவர் தொலைவில் இருந்தார், போனில் வழி சொன்னார். கிடேரியை எழுப்பி நிறுத்தினார்கள். படுத்திருந்தால் உள்ளே இடமிருக்காது. மனைவி வளையலைக் கழற்றி, முழங்கைக்கு மேல் வரை சோப்புப் போட்டுக் கழுவி, நீளக் கையுறை மாட்டினார். கையுறை வெறும் சுத்தத்துக்காக அல்ல. கருச்சிதைவு நோய்க் கிருமி மனிதருக்கும் தொற்றும். வழுக்கலுக்கான பாரஃபின் எண்ணெய் வாங்கி வைத்திருக்கவில்லை. தேங்காய் எண்ணெயைக் கன்றின் தலையைச் சுற்றி உள்ளே தடவினார்.

வெளியே இருந்த காலில் கணுவுக்கு மேல் ஒரு சுருக்கும் கீழே ஒரு சுற்றும் போட்டுப் பருத்திக் கயிறு கட்டினார். உள்ளே தள்ளும்போது அந்தக் காலும் தொலைந்துவிடாமல் இருக்கத்தான் இது. கிடேரி முக்குவதை நிறுத்தும் இடைவெளியில் மட்டும் கன்றின் நெற்றியைப் பின்னுக்குத் தள்ளினார். முக்கும்போது தள்ளினால் கருப்பை கிழியலாம். இடம் கிடைத்ததும் கையை முட்டி வழியாகக் கீழே ஓட்டிக் குளம்பைத் தேடினார். குளம்பை உள்ளங்கைக்குள் முழுசாகப் பொத்தி, முட்டியை மேல்பக்கமும் வெளிப்பக்கமும் தள்ளிக்கொண்டே குளம்பை உள்பக்கமாக இழுத்துக் கொண்டுவந்தார். பொத்தாமல் இழுத்தால் குளம்பு நுனி கருப்பையைக் கீறிவிடும். மூன்று தடவை நழுவியது, நாலாவதில் வந்தது.

இரண்டு காலும் மூக்கும் சேர்ந்த பிறகு, கிடேரி முக்கும்போது மட்டும், ஒரு காலை ஒரு தடவை மறுகாலை ஒரு தடவை என்று மாற்றி மாற்றி இழுத்தார்கள். தோள் குறுக்கே வரும்போது அகலம் குறைய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாற்று இழுப்பு. தலையும் தோளும் வந்ததும் தரைப்பக்கமாகக் கீழ்நோக்கி இழுத்தார்கள். 3.20க்கு 23 கிலோ காளைக்கன்று விழுந்தது, உயிரோடு.

மூக்கில் வைக்கோல் துரும்பை விட்டதும் தும்மியது. நெஞ்சின் மேல் உட்காரவைத்துச் சாக்கால் தேய்த்தார்கள். ஆனால் நாக்கு வீங்கி வாய்க்கு வெளியே தொங்கியது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தலை நெரிபட்டதன் விளைவு.

விட்டுப்போன இரண்டு லிட்டர்

இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டர் சீம்பால் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கிடேரியின் மடி நீர் கோத்துக் கல்லாக இருந்தது. மனைவி கறந்ததில் 300 மில்லிதான் வந்தது. அதைப் பாட்டிலில் கொடுத்தார். கன்றால் நிப்பிளைக் கவ்வ முடியவில்லை, பாதி வழிந்தது. மணி 4.15. ஆறு மணிக்கு முகூர்த்தம். “விடிஞ்சதும் கறந்து கொஞ்சங் கொஞ்சமா குடு” என்று பையனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கிடேரி உதைத்தது, அவனால் கறக்க முடியவில்லை. கணவர் வந்து ஒன்றரை லிட்டர் கறந்து ஊட்டியது காலை 11 மணிக்கு. பிறந்து 7 மணி 40 நிமிடம் ஆகியிருந்தது.

ஆகஸ்ட் 20 அன்று நாலு வீட்டுக்குப் போன சீம்பாலில் இரண்டு லிட்டர் உறைபெட்டியில் இருந்திருந்தால் நிலைமை வேறு. மூத்த மாட்டின் முதல் கறவையில் நோய் எதிர்ப்பு பொதுவாகத் தலைச்சன் பாலைவிட அதிகம். ஒரு லிட்டர் பாட்டில்களில் உறையவைத்தால் ஒரு வருடம் வரை தாங்கும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் வைத்து மெதுவாக உருக்க வேண்டும். அடுப்பில் காய்ச்சினால் அதிலுள்ள நன்மை கெட்டுவிடும். வீட்டில் உறைபெட்டி இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய மல்லிகைப்பூவை அதற்குள் வைத்திருந்தார்கள்.

செவலையின் கொடி 12 மணி நேரத்திலும் விழவில்லை. கையால் இழுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டார்கள். இழுத்தால் துண்டு உள்ளே தங்கி அழுகும். மாலை 5 மணிக்குத் தானாக விழுந்தது. பத்து நாள் காலை மாலை சூடு பார்த்தார்கள். 103 டிகிரியைத் தாண்டவில்லை.

கழிச்சல்

செப்டம்பர் 10, ஐந்தாம் நாள், கன்றுக்கு மஞ்சளாகத் தண்ணீர்க் கழிச்சல். கட்டியிருந்த மூலை, முதல் இரண்டு கன்றுகளும் கிடந்த அதே மூலை. முந்தைய கன்றுகளின் சாணியில் கிருமி பெருகியிருக்கும். அவை தாங்கிக்கொள்ளும், எதிர்ப்பு கிடைக்காமல் பின்னால் பிறந்தது மாட்டிக்கொள்ளும்.

பால்தான் காரணம் என்று நினைத்து ஒரு நாள் பாலை நிறுத்தினார்கள். அது கூடாது. பாலும் இல்லையென்றால் கன்று பட்டினியாலேயே தளர்ந்துவிடும். மறுநாள் மருத்துவர் சொன்ன பிறகு பாலைத் தொடர்ந்து, இடையிடையே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். அதற்குள் கண் குழிவிழுந்து, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. நரம்பில் மருந்து ஏற்றியும் தேறவில்லை. 13ஆம் தேதி விடியுமுன் இறந்தது.

மற்ற மூன்று ஈத்து

இரண்டாவது மயிலை செப்டம்பர் 6 காலை 10 மணிக்கு, நடுப்பட்டியில் வெள்வேல மரத்தடியில் ஈன்றது. காங்கேயம் கன்றுக்கே உரிய சிவப்பு நிறம். மயிலை நிறம் வர மாதக்கணக்கில் ஆகும். இளைய ஜெர்சி 9ஆம் தேதி மாலை 4.40க்கு ஈன்றது. கடைசி மயிலை 15ஆம் தேதி காலை 11 மணிக்கு. ஆக ஆறில் நாலு பகலில். ஆறு மாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தீனி மாற்றியதில் செலவும் இல்லை, நட்டமும் இல்லை.

இளைய ஜெர்சி ஈனும்போதே சில மாற்றங்கள் வந்துவிட்டன. கட்டுத்தரைத் தூணில் ஒரு சிலேட்டு தொங்கியது. தண்ணீர்க்குடம் உடைந்த நேரத்தை எழுதி, பக்கத்தில் யாரைக் கூப்பிட வேண்டிய கெடு எத்தனை மணி என்றும் எழுதினார்கள். இரவு 12 வரை கணவர், அதன்பின் மனைவி என்று முறை வந்தது. 13ஆம் தேதிக்குப் பிறகு, ஈனாமல் மிச்சமிருந்த மயிலையைக் கன்று எதுவும் கிடக்காத மூன்றாவது பட்டிக்கு ஓட்டினார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பண்ணைகளில் இதையே முறையாக வைத்திருக்கிறார்கள். ஈன்ற மாடும் கன்றும் இருந்த இடத்தில் இருக்க, ஈனாதவற்றை வாரத்துக்கு ஒருமுறை புது நிலத்துக்கு ஓட்டுகிறார்கள். அங்கே அதற்கு நூற்றுக்கணக்கான ஏக்கர். இங்கே மூன்று கிளுவைப் பட்டி போதுமாக இருந்தது.

அடுத்த வருடத்துக்கு மாற்றியவை

மூத்த ஜெர்சிக்குக் கடைசி மாதத்தில் வேலிமசால் கிடையாது, தாது உப்பும் ஈன்ற பிறகுதான். ஈன்ற முதல் நாள் ஒட்டக் கறப்பதில்லை.

கலப்பின மாடுகள் இரண்டுக்குக் கார்த்திகைப் பருவத்தை விட்டுவிட்டு, 21 நாள் கழித்து அடுத்த பருவத்தில் ஊசி போடுவது என்று முடிவானது. ஈத்து புரட்டாசிக்குத் தள்ளும். இன்னும் தள்ளினால் ஐப்பசி மழைச் சேற்றில் கன்று விழும், கழிச்சல் கூடும். ஆகவே ஒரு பருவத்துக்கு மேல் தள்ளுவதில்லை. தவிர்க்க முடியாத விசேஷம் இடையில் வந்தால், ஈத்துப் பார்த்துப் பழகிய ஒருவரைக் கூலிக்கு வைத்துவிட்டுத்தான் இருவரும் சேர்ந்து வெளியே தங்குவது. அவரிடம் “கஷ்டப்பட்டா கூப்பிடு” என்று சொல்வதில்லை, கெடு மணியைச் சொல்வது. மருத்துவர் எண்ணும் கால்நடை அவசர ஊர்தியின் 1962ம் சிலேட்டிலேயே எழுதியிருக்கிறது.

மனைவி கட்டுத்தரை அலமாரியில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார். ஒரு லிட்டர் பாரஃபின், நீளக் கையுறை நாலு ஜோடி, வெந்நீரில் போட்டுக் காயவைத்த பருத்திக் கயிறு இரண்டு, டிஞ்சர் அயோடின், வெப்பமானி, நிப்பிள் போட்ட பாட்டில், டார்ச். உறைபெட்டியின் மேல்தட்டில் தேதி ஒட்டிய இரண்டு பாட்டில்களில் சீம்பால் இருக்கிறது. மூத்த ஜெர்சியின் அடுத்த ஈத்தில் அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் போனது, அந்த இரண்டு பாட்டில்களும் நிறைந்த பிறகுதான்.